அகரத்துக்கும் எகரத்துக்கும் இடையே

ஆங்கிலம் கற்கத் தொடங்கும் மாணவரை மட்டுமன்றி, அம்மொழியில் பல்லாண்டு பழகியோரையும் தடுமாறச் செய்யும் சொல்லிணைகள் சில உண்டு. அவற்றுள் தலையாயது 'அஃபெக்ட்', 'எஃபெக்ட்' என்னும் இணை. இரண்டுக்கும் இடையே முதலெழுத்து ஒன்றே வேறுபாடு. தமிழில் எழுதினால் அகரமும் எகரமும் தெளிவாகப் பிரிந்து நிற்கின்றன. ஆங்கிலேயர் நாவிலோ அம்முதல் உயிர் அழுத்தம் பெறாமல் தேய்ந்து, இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலவே ஒலிக்கின்றன. எனவே பிறப்பிலேயே அம்மொழியைப் பேசுவோரும் எழுதும்போது பிழை செய்கின்றனர்.

குருமடத்து இளைஞருக்கு ஆங்கில இலக்கணம் கற்பித்த ஆண்டுகளில் நாம் அவர்களுக்குச் சொல்லி வந்த விதி எளியது. அஃபெக்ட் என்பது வினைச்சொல், எஃபெக்ட் என்பது பெயர்ச்சொல். மழை பயிரை அஃபெக்ட் செய்கிறது. பயிரில் காணப்படும் மாற்றம் மழையின் எஃபெக்ட். தேர்வில் வரும் பத்து வினாக்களில் ஒன்பதுக்கு இவ்விதி போதும். ஆயினும் பத்தாவது வினாவில்தான் அச்சொற்களின் உண்மையான செல்வம் புதைந்து கிடக்கிறது என்பது நம் எண்ணம். ஏனெனில் எஃபெக்ட் வினையாகவும் வரும்; அஃபெக்ட் பெயராகவும் வரும். ஒரே சொல் வினையாகவும் பெயராகவும் நிற்பது தமிழர்க்குப் புதிதன்று. 'அடி' என்றால் ஏவலுமாகும், அடித்தலாகிய தொழிலின் பெயருமாகும். முதனிலைத் தொழிற்பெயர் என்று நம் இலக்கணம் இதற்குப் பெயரிட்டிருக்கிறது. ஆனால் ஆங்கிலத்தின் இவ்விரு சொற்களும் வினையாகும்போது ஒரு முகமும், பெயராகும்போது வேறொரு முகமும் காட்டுகின்றன. நான்கு முகங்களையும் தனித்தனியே காண்போம்.

வேர் ஒன்றே. இலத்தீனில் 'ஃபாச்செரே' என்றால் செய்தல். அதன் முன்னே 'நோக்கி' என்னும் பொருள்தரும் முன்னொட்டுச் சேர 'அஃபிச்செரே' ஆயிற்று: ஒருவர்மீது அல்லது ஒன்றின்மீது சென்று செயற்படுதல். 'வெளியே' என்னும் பொருள்தரும் முன்னொட்டுச் சேர 'எஃபிச்செரே' ஆயிற்று: செய்து வெளிக்கொணர்தல், செய்து முடித்தல். முன்னது உள்ள பொருளைத் தொடுகிறது. பின்னது இல்லாத ஒன்றை உண்டாக்குகிறது. இந்த ஒரு வேறுபாட்டை மனத்திற் கொண்டால் மற்றவை தாமே விளங்கும்.

அஃபெக்ட் வினையாகும்போது தொடுதல், தாக்குதல், மனத்தை உருக்குதல், நிலையை மாற்றுதல் ஆகிய பொருள்கள் அமைகின்றன. இன்னொரு பொருளும் அதற்கு உண்டு: பாவனை செய்தல். தனக்கில்லாத துயரத்தை இருப்பதாகக் காட்டுவதையும், தன் ஊர்ப் பேச்சை மறைத்து வேற்றூர்ப் பேச்சைப் போலி செய்வதையும் ஆங்கிலேயர் இதே வினையாற் குறிப்பர். உள்ளம் உண்மையாகவே உருகுவதற்கும், உருகியதாக நடிப்பதற்கும் ஒரே சொல் நிற்பது எண்ணத்தக்கது.

எஃபெக்ட் பெயராகும்போது விளைவு, பயன். இதுவே எல்லாரும் அறிந்த முகம். மருந்தின் பக்கவிளைவும், திரைப்படத்தின் ஒலிச்சேர்க்கையும் இப்பெயராலேயே நம் தெருக்களிலும் வழங்குகின்றன. பன்மையில் வரும்போது அச்சொல் வேறொரு பொருளும் தருகிறது. ஒருவர் இறந்தபின் அவர் விட்டுச்சென்ற கைப்பொருள்களை ஆங்கிலேயர் அவருடைய 'எஃபெக்ட்ஸ்' என்பர். போரில் மாண்ட வீரரின் கைக்கடிகாரமும், பணப்பையும், வீட்டிலிருந்து வந்த கடிதங்களும் அப்பெயராலேயே குடும்பத்தாரிடம் ஒப்படைக்கப்பட்டன. ஒரு மனிதர் போனபின் எஞ்சுவது எதுவோ அதுவே அவருடைய விளைவு! அகராதி எழுதியவர் இதனை மறையுரையாக எண்ணியிருக்க மாட்டார். நாமோ அவ்வாறே கேட்கிறோம்.

எஃபெக்ட் வினையாகும்போது உண்டாக்குதல், நிறைவேற்றுதல். இங்கேதான் கற்றோரும் இடறுகின்றனர். பகைத்து நின்ற இரு குடும்பங்களுக்கிடையே ஊர்ப்பெரியோர் ஓர் உடன்பாட்டை 'எஃபெக்ட்' செய்தனர் என்று எழுதினால், இல்லாத உடன்பாடு அன்று உண்டாயிற்று என்பது பொருள். 'அஃபெக்ட்' செய்தனர் என்று எழுதினாலோ, முன்பே இருந்த உடன்பாட்டில் கைவைத்தனர், ஒருவேளை அதைக் குலைத்தும் விட்டனர் என்று பொருளாகும். சமாதானம் பிறந்ததா, பிறந்திருந்த சமாதானம் ஆட்டங்கண்டதா என்பது ஓர் உயிரெழுத்தில் தொங்குகிறது.

அஃபெக்ட் பெயராகும்போது உளவியலாரின் கலைச்சொல் ஆகிறது. அப்போது அழுத்தமும் முதல் அசைக்கு இடம்மாறுகிறது. மனத்தில் எழும் உணர்வையும், முகத்திலும் குரலிலும் அது வெளிப்படும் பாங்கையும் அது குறிக்கும். மகிழ்ச்சியான செய்தியையும் துயரச் செய்தியையும் சலனமற்ற ஒரே முகத்தோடு கேட்கும் நோயாளியைப் பற்றி மனநல மருத்துவர் தம் குறிப்பேட்டில் எழுதும் சொல் இது.

இவற்றைத் தமிழாக்க முனையும்போது நம் மொழியின் இயல்பும் வெளிப்படுகிறது. அன்றாடப் பேச்சில் நாம் ஆங்கில வினையை வினையாக ஏற்பதில்லை. அதைப் பெயராக்கிப் 'பண்ணு' என்றோ 'ஆகு' என்றோ நம் சொந்த வினையைத் துணைக்கு அனுப்புகிறோம். 'அஃபெக்ட் பண்ணுது', 'அஃபெக்ட் ஆயிட்டான்' என்பன அவ்வாறு பிறந்தவை. எழுத்துத் தமிழில் 'பாதிப்பு' வந்து நிற்கிறது. வடமொழியில் வருத்துதல் என்னும் பொருளுடைய வேரிலிருந்து வந்ததாகையால் அதில் துன்பத்தின் சாயல் நீங்காமல் ஒட்டியிருக்கிறது. ஒரு நற்செயல் நம்மைப் 'பாதித்தது' என்று எழுதும்போது ஏதோ நோய் பற்றியது போன்ற கூச்சம் தோன்றுவது அதனாலேயே. எஃபெக்ட் என்பதற்கோ நமக்குக் கிடைத்திருப்பது வயலிலிருந்து வந்த சொல். விளை, விளைச்சல், விளைநிலம், விளைவு. பயிர் தானே விளைகிறது. உழவர் அதை விளைவிக்கிறார். தன்வினையும் பிறவினையும் ஒரே வேரில் நிற்கின்றன. நிலத்தின் பங்கும் உழவரின் பங்கும் ஒரே சொல்லில் அடங்கிவிடுகின்றன.

நம் இலக்கண நூலார் இவ்வேறுபாட்டை நெடுநாள் முன்பே கண்டிருந்தனர். நன்னூலார் இரண்டாம் வேற்றுமைக்குப் பொருள் கூறும்போது முதலில் ஆக்கலையும், அடுத்து அழித்தலையும் வைக்கிறார். 'பானையை வனைந்தான்', 'பானையை உடைத்தான்' என்னும் இரு தொடர்களிலும் பானை செயப்படுபொருளே. உருபும் ஒன்றே. ஆனால் முன்னதில் வினைக்குமுன் பானை இல்லை. வினையால் பானை பிறக்கிறது. பின்னதில் முன்பே இருந்த பானை வினைக்கு ஆளாகிறது. முன்னது எஃபெக்ட், பின்னது அஃபெக்ட். மேலும் தொடரை முடித்துவைக்கும் சொல்லுக்கு நம் முன்னோர் இட்ட பெயர் 'பயனிலை'. எழுவாய் எவ்வளவு உயர்ந்ததாயினும், தொடரின் பயன் நிலைகொள்ளும் இடம் அதன் முடிபிலேயே.

இலக்கண வகுப்பு இம்மட்டில் நிற்க. இச்சொற்கள் நம் விசுவாச வாழ்வில் எங்கே குறுக்கிடுகின்றன என்பதற்கு வருவோம்.

எஃபெக்ட் என்னும் வினைக்குத் திருச்சபையின் இறையியலில் தனி இருக்கை உண்டு. அருளடையாளங்கள் தாம் எதைக் குறிக்கின்றனவோ அதையே விளைவிக்கின்றன என்பது புனித தோமா அக்குவினார் எடுத்துரைத்த போதனை. நீர் கழுவுதலைக் குறிக்கிறது. திருமுழுக்கில் அது கழுவுதலை விளைவிக்கவும் செய்கிறது. 1547ஆம் ஆண்டு திரெந்து பொதுச்சங்கத்தின் ஏழாம் அமர்வு, அருளடையாளங்கள் தாம் குறிக்கும் அருளைத் தம்முள் கொண்டுள்ளன என்றும், தடையிடாதவர்க்கு அதை அளிக்கின்றன என்றும் வரையறுத்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4ஆம் நாள் வெளியிட்ட திருவழிபாட்டுச் சாசனமும் தன் 7ஆம் எண்ணில் குறித்தலையும் விளைவித்தலையும் சேர்த்தே பேசுகிறது.

தமிழ்த் திருச்சபை இம்மறைபொருளுக்குப் பெயரிட முயன்ற வரலாறும் சுவையானது. நம் பாட்டன்மார் 'தேவதிரவிய அனுமானம்' என்றனர். பின்னர்த் 'திருவருட்சாதனம்' என்றோம். இன்று 'அருளடையாளம்' என்கிறோம். சாதனம் என்றால் கருவி. அடையாளம் என்றால் குறி. கருவி விளைவிக்கும், குறி காட்டும். இரு பெயரும் சேர்ந்தால்தான் தோமா அக்குவினாரின் போதனை முழுமை பெறுகிறது. ஒன்றைக் கைவிட்டு மற்றொன்றைப் பிடிக்க நேர்ந்தது மொழிபெயர்ப்பின் இயலாமையேயன்றி எவர் குற்றமும் அன்று.

இப்போதனை பிறந்ததற்குப் பின்னே ஒரு நெடிய போராட்டம் உண்டு. நான்காம், ஐந்தாம் நூற்றாண்டுகளில் வட ஆப்பிரிக்காவில் தொனாத்தியர் எனப்பட்டோர், தகுதியற்ற பணியாளரின் கையால் பெற்ற திருமுழுக்குச் செல்லாது என வாதிட்டனர். கலாபனைக் காலத்தில் அஞ்சித் திருநூல்களைக் கையளித்த ஆயரின் கை எவ்வாறு அருளை வழங்கும் என்பது அவர்கள் கேள்வி. ஹிப்போ நகர ஆயர் புனித அகுஸ்தினார் தந்த விடையின் சாரம் இது: எவர் கையால் ஊற்றப்படினும் திருமுழுக்கு அளிப்பவர் கிறிஸ்துவே. பணியாளரின் தகுதி விசுவாசியின் மனத்தை அஃபெக்ட் செய்யலாம். அருளடையாளத்தின் எஃபெக்ட்டை அது அசைக்காது. எளிய மக்களுக்கு இது எத்துணை ஆறுதல்! பங்குத்தந்தை எரிச்சலோடு நின்ற காலைவேளையிலும், பாடகர் குழு சுருதி தப்பிய ஞாயிறன்றும், நற்கருணையில் கிடைப்பவர் அதே ஆண்டவர்.

இதற்கு மறுபுறம் உண்டு. அருளடையாளத்தின் கனிகள் அதைப் பெறுபவரின் மனநிலையையும் பொறுத்தவை என்று திருச்சபையின் மறைக்கல்வி நூல் கூறுகிறது. மழை ஒன்றே, பாறையில் விழுந்தது வழிந்தோடும், உழுத வயலில் விழுந்தது ஊறும். ஆகவே அஃபெக்ட் என்னும் பெயர்ச்சொல், அதாவது உள்ளத்து உணர்வும் நாட்டமும், புறக்கணிக்கத்தக்கதன்று. அதனை நமக்கு நுட்பமாகக் கற்பித்தவர் புனித இலொயோலா இஞ்ஞாசியார்.

1521ஆம் ஆண்டு மே மாதம் பம்ப்லோனா கோட்டைப் போரில் பீரங்கிக் குண்டு அவர் காலைச் சிதைத்தது. இலொயோலாவில் நோய்ப்படுக்கையில் கிடந்தபோது வீரசாகசக் கதைகள் வேண்டுமெனக் கேட்டார். வீட்டில் அவை இல்லை. கிறிஸ்துவின் வாழ்க்கை வரலாறும் புனிதர் வரலாறும் கிடைத்தன. வாசித்தார், வாசித்த இடைவேளைகளில் பழைய கனவுகளிலும் மூழ்கினார். இரண்டுமே அந்நேரத்தில் இனித்தன. நாளடைவில் ஒன்றைக் கண்டார். உலகப் பெருமை பற்றிய கனவு முடிந்தபின் மனம் வறண்டு போயிற்று. புனிதரைப்போல் வாழ்வது பற்றிய எண்ணம் முடிந்தபின்பும் மகிழ்ச்சி தங்கிற்று. இரண்டும் அவரைத் தொட்டன. பின்னே அவை எதை விட்டுச்சென்றன என்பதில் வேறுபட்டன. ஓர் உணர்வை அதன் இனிமையால் அளவிடாமல் அதன் விளைவால் அளவிடலாம் என்னும் இந்தக் கண்டுபிடிப்பே பின்னர் ஆவிகளைத் தேர்ந்தறிதல் என்னும் கலையாக வளர்ந்தது. 1548ஆம் ஆண்டு திருத்தந்தை மூன்றாம் பவுல் ஏற்பளித்த அவருடைய ஆன்மிகப் பயிற்சிகள் நூல், ஒழுங்கற்ற நாட்டங்களை அகற்றுவதையே தன் தொடக்கத்தில் நோக்கமாக வைக்கிறது. அங்கே நாட்டம் என்பதற்கு ஆளப்பட்ட இசுப்பானியச் சொல்லும் அதே அஃபெக்ட்டின் உறவே.

நம் ஊர்களில் தவக்காலத் தியானங்கள் முடிந்து மக்கள் வெளிவரும்போது எழும் பேச்சை நாம் பல்லாண்டுகளாகக் கேட்டு வருகிறோம். 'ரொம்ப உருக்கமா இருந்துச்சு', 'அழுதுட்டேன்', 'இந்தத் தடவை அவ்வளவா மனசைத் தொடல' என்பன அவை. கேட்பவரும் அதையே கேட்கிறார். சொல்பவரும் அதையே சொல்கிறார். கண்ணீர் இறைவனின் கொடைதான். ஆயினும் நற்செய்தியில் உருகியோரின் கதைகளை ஊன்றிப் படித்தால் அச்சம் உண்டாகிறது. ஏரோது யோவானின் சொற்களைக் கேட்டுக் குழம்பினான். ஆயினும் விருப்பத்தோடே செவிகொடுத்தான் என்கிறார் மாற்கு. அவனும் அஃபெக்ட் ஆனவன்தான். அதே ஏரோதின் ஆணையால்தான் யோவானின் தலை தட்டில் வந்தது. செல்வரான இளைஞரோ ஆண்டவரின் அன்புப் பார்வையைப் பெற்றவர். முகம் வாடி, வருத்தத்தோடு சென்றார். அவ்வருத்தம் பொய்யன்று. ஆனால் அவருடைய சொத்து மறுநாளும் இருந்த இடத்திலேயே இருந்திருக்கும். எரிகோவின் சக்கேயு அழுதார் என்று லூக்கா எங்கும் எழுதவில்லை. உடைமையில் பாதி ஏழைகளுக்கு, ஏமாற்றிப் பெற்றதற்கு நான்கு மடங்கு என்று கணக்குச் சொன்னார். வரிதண்டுபவர் அல்லரோ, எண்களில் பேசினார்! அன்று அவ்வீட்டுக்கு மீட்பு வந்தது.

இதைச் சொல்லும்போது ஒரு பெண்மணியை நினைக்கிறோம். மகனைச் சாலை விபத்தில் பறிகொடுத்தவர். இழப்பு நேர்ந்து ஓராண்டு கழிந்தபின் ஒருநாள் பூசை முடிந்து மண்டபத்தில் நின்று கேட்டார்:

“சாமி, பூசைக்கு வர்றேன், போறேன். நன்மை வாங்குறேன். மனசுல ஒண்ணுமே இல்ல, கல்லு மாதிரி இருக்கு. முன்னெல்லாம் பாட்டுக் கேட்டாலே அழுகை வரும். இப்படி வெறும் மனசோட நன்மை வாங்குறது பாவமில்லையா?”

“பசியில்லாத நோயாளி கஞ்சி குடிக்கிறானே, அது உடம்புல சேராதாம்மா?” என்றோம்.

“சேரும் சாமி. ருசி தெரியாது, அவ்வளவுதான்.”

அவர் சொன்ன விடையைவிடச் சிறந்த விளக்கத்தை எந்த இறையியல் நூலிலிருந்தும் நாம் அவருக்கு எடுத்துத் தந்திருக்க முடியாது. பூசை முடிந்ததும் அவர் நேரே வீட்டுக்குச் செல்வதில்லை என்பதைப் பின்னர் அறிந்தோம். அடுத்த தெருவில் படுக்கையாய்க் கிடந்த ஒரு மூதாட்டிக்குத் தலைவாரி, சோறூட்டிவிட்டே சென்றார். அதை அவர் புண்ணியக் கணக்கில் வைக்கவில்லை. அதற்கும் பூசைக்கும் தொடர்பிருப்பதாகவும் அவருக்குத் தோன்றவில்லை. 'அந்தப் பாட்டிக்கு யாருமில்ல சாமி' என்பதே அவர் சொன்ன காரணம்.

இத்தகைய வறட்சி எளியோர்க்கு மட்டும் உரியதன்று. கல்கத்தாவின் புனித அன்னை தெரசா 1997இல் மறைந்தார். பத்தாண்டுகள் கழித்து 2007இல் அவருடைய அந்தரங்கக் கடிதங்கள் நூலாக வெளிவந்தபோது உலகம் திகைத்தது. பிறரன்புப் பணியாளர் சபை 1950இல் ஏற்பளிக்கப்பட்ட காலந்தொட்டு ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள், இறைவனின் அண்மையை உணரவியலாத இருளில் அவர் வாழ்ந்திருந்தார். சிலர் அக்கடிதங்களை அவநம்பிக்கையின் சான்று என்றனர். நாம் அவற்றை வேறுவிதமாகப் படிக்கிறோம். உணர்வு என்னும் அஃபெக்ட் அவரிடமிருந்து எடுக்கப்பட்டிருந்தது. அவ்வாண்டுகளிலேதான் காளிகட்டத்தில் 1952இல் திறக்கப்பட்ட இல்லத்தில், தெருவோரம் சாகக் கிடந்தோர் மனிதராய் மதிக்கப்பட்டுக் கண்மூடினர். அவ்விருள் அவர் கைகளை நிறுத்தவில்லை. 2016 செப்டம்பர் 4ஆம் நாள் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தபோது, அந்த வறண்ட ஆண்டுகளையும் சேர்த்தே பீடத்தில் ஏற்றியது.

அப்படியாயின் உணர்வே வேண்டா, செயல் ஒன்றே போதும் என்று முடிவு கட்டலாமா? அதுவும் ஆபத்தான பாதை. விளைவை மட்டும் எண்ணும் காலம் இது. எத்தனைபேர் வந்தனர், எவ்வளவு திரட்டினோம், எத்தனை வீடு கட்டினோம் என்று ஆண்டறிக்கை எழுதுகிறோம். உதவி பெற வந்தவர் வரிசையில் நிறுத்தப்பட்டு, பெயர் கேட்கப்பட்டு, பொட்டலம் கொடுக்கப்பட்டு அனுப்பப்படுகிறார். விளைவு நிகழ்ந்துவிட்டது. கொடுத்தவர் முகத்தில் சலனமில்லை. வாங்கியவர் நெஞ்சில் வெட்கம் மட்டும் மிஞ்சுகிறது. மனநல மருத்துவர் குறிப்பேட்டில் எழுதும் அந்தச் சலனமற்ற முகம், நிறுவனங்களுக்கும் வருவதுண்டு.

நல்ல சமாரியரின் உவமையில் ஆண்டவர் இவ்விரண்டையும் பிரிக்கவே இல்லை. குருவும் லேவியரும் கண்டனர், விலகிச் சென்றனர். சமாரியர் கண்டார், இரங்கினார். அங்கே லூக்கா ஆளும் கிரேக்கச் சொல் குடலைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது. 'பெத்த வயிறு துடிக்குது' என்று நம் தாய்மார் சொல்லும் துடிப்பு அது. அதன்பின் வரும் வினைகளை எண்ணிப் பாருங்கள்: அணுகினார், எண்ணெயும் திராட்சை மதுவும் வார்த்தார், காயங்களைக் கட்டினார், தம் விலங்கின்மீது ஏற்றினார், சாவடிக்குக் கொண்டுசென்றார், கவனித்துக்கொண்டார். மறுநாள் இரு தெனாரியங்களை எடுத்துக் கொடுத்தார். மேலும் செலவானால் திரும்பி வரும்போது தருவதாகச் சொன்னார். இரக்கத்துக்கு ஒரு வினை. அதன்பின் வரிசையாக இத்தனை வினைகள். தொடக்கத்திலுள்ள அந்த ஒரு வினை இல்லையேல் மற்றவை பிறந்திரா. மற்றவை பிறவாதிருந்தால் அந்த ஒரு வினையை எவரும் அறிந்திரார்.

பெத்தானியாவில் இலாசரின் கல்லறை முன்னே ஆண்டவரே இவ்வாறு நின்றார். மரியா அழுவதையும் அவரோடு வந்தோர் அழுவதையும் கண்டு உள்ளங்குமுறிக் கலங்கினார், கண்ணீர் விட்டார். சில கணங்களில் இலாசரை உயிரோடு வெளியே அழைக்கப் போகிறவர் அவர். விளைவு இன்னதென அறிந்தவருக்குக் கண்ணீர் ஏன்? கடவுளின் வல்லமை நம் துயரத்தைத் தாண்டிச் சென்று நம்மைக் காப்பதில்லை, அதில் நனைந்தே காக்கிறது என்பதற்கு இதைவிடப் பெரிய சான்றை நாம் அறியோம். அக்கண்ணீர் பாவனையன்று, அவ்வழைப்பு வெறும் சொல்லன்று.

எசாயா இறைவாக்கினர் மழையையும் பனியையும் கண்டு இறைவார்த்தையைப் பற்றிப் பாடினார். வானத்திலிருந்து இறங்குபவை நிலத்தை நனைத்து, முளைக்கச் செய்து, விதைப்பவர்க்கு விதையும் உண்பவர்க்கு உணவும் தராமல் திரும்புவதில்லை. இறைவனின் வாயினின்று புறப்படும் சொல்லும் வெறுமையாய்த் திரும்பாது என்பது அப்பாடலின் கருத்து. நனைத்தல் முதலில் நிகழ்கிறது, விளைதல் பின்னர் நிகழ்கிறது. நனைந்த அன்றே எவரும் அறுவடை கேட்பதில்லை. நனைந்துகொண்டே இருக்கும் நிலத்தில் ஆண்டுக்கணக்காக ஒன்றும் முளைக்காவிட்டால், உழவர் மழையைக் குறைசொல்வதில்லை. மண்ணைக் கிளறிப் பார்க்கிறார்.

எனவே அன்பரே, வரும் ஞாயிறன்று பூசை முடிந்து திரும்பும் வழியில் மனம் உருகியதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். உருகியிருந்தால் இறைவனுக்கு நன்றி கூறுங்கள். உருகவில்லையெனில் கலங்க வேண்டா. அதன்பின் இன்னொன்றையும் கேளுங்கள். பேசாதிருக்கும் அண்ணனிடம் இவ்வாரம் ஒரு சொல் பேசப்படுமா? வேலை செய்தவருக்கு நிறுத்திவைத்த கூலி திங்கட்கிழமை போய்ச் சேருமா? அடுத்த தெருவில் சோறூட்ட ஆளில்லாத பாட்டிக்கு யாரேனும் உண்டா? அவற்றுள் ஒன்றேனும் நடந்தால், பீடத்தில் நிகழ்ந்தது வீதியிலும் நிகழ்ந்திருக்கிறது. தொடரின் எழுவாய் இறைவனே. பயனிலை மட்டும் நம் வீட்டு வாசலில் வந்து நிற்கிறது.